பாட்டு நோட்டில் "பி.பி.பி." என்றால் என்ன?

பிப்ரவரி 5, 2024 – கேள்வி (பண்ணைக்காட்டுத் தம்பி)

எங்க தாத்தாவோட பழைய பாட்டு நோட்டுல சில பாட்டுக்கு மேல இடது ஓரத்துல "பி.பி.பி."ன்னு எழுதியிருக்கார். மூணு 'பி' போட்டா ரொம்ப ரொம்ப மெதுவா, சத்தமே வராத மாதிரி வாசிக்கணும்னு எங்க கீபோர்டு சார் சொல்றார். முக்கால்வாசி அடக்க ஆராதனைப் பாட்டா இருக்கிறதால அது சரின்னுதான் பட்டுச்சு. ஆனா அதுல ஒண்ணு போருக்குப் போற மாதிரி பாட்டு. அதை எதுக்கு மெதுவா பாடணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 5, இரவு – பதில்

தம்பி, அது மெதுவா வாசிக்கச் சொல்ற குறி இல்லை. ஒரு மனுஷரோட பெயர். பிலிப் பி. பிளிஸ். ஆங்கிலத்தில் எழுதினால் முதல் இரண்டு எழுத்தும் ஒன்று, மூன்றாவது வேறு. நம் எழுத்தில் மூன்றும் ஒரே 'பி' ஆகிவிடுகிறது. உன் தாத்தா மேல் தப்பே இல்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அப்பாவின் நோட்டிலும் இதே குறி உண்டு. அப்பா மேல்மலையில் உபதேசியார். நான் கொடைக்கானலில் எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறேன். அப்பா போன பிறகு அந்த நோட்டைப் பார்த்துத்தான் வாசிக்கப் பழகினேன். பதினொரு வருஷம், எத்தனையோ அடக்கத்துக்கு, "பி.பி.பி." போட்ட பாட்டையெல்லாம் பெல்லோஸை அழுத்தாமல், காற்று வருதா இல்லையா என்கிற மாதிரி வாசித்தேன். கல்லறைத் தோட்டத்தில் பின்னால் நிற்கிறவர்களுக்கு ஒரு சுரம் கூடக் கேட்டிருக்காது. இப்போது நினைத்தாலும் வருத்தம்தான். பறிகொடுத்த வீட்டுக்காரர்கள் தாங்கிப் பிடித்துப் பாடத் தேடிய சத்தத்தை நான் கொடுக்கவில்லை.

நீ சொல்ற போர்ப்பாட்டு 'ஹோல்ட் த ஃபோர்ட்' ஆகத்தான் இருக்கும். 'இட் இஸ் வெல் வித் மை சோல்' பாட்டும் அவருடையதுதான். மற்றது நாளைக்கு.

பிப்ரவரி 6

பிளிஸ் யார் என்று கேட்கிறீர்கள். 1838 ஜூலை 9, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணம், கிளியர்ஃபீல்டு கவுண்டியில் ஒரு மரக்கட்டை வீட்டில் பிறந்தார். ஏழைக் குடும்பம். பத்து வயசில் காய்கறிக் கூடையோடு ஊருக்குள் விற்கப் போனபோது ஒரு வீட்டுக்குள்ளிருந்து பியானோ சத்தம் வந்திருக்கிறது. அதுவரை பியானோவே கேட்டதில்லை. கூடையோடு, செருப்பில்லாத காலோடு உள்ளே போய் நின்றுவிட்டார். வாசித்த அம்மா நிறுத்தியதும், "இன்னும் கொஞ்சம் வாசிங்க" என்று கேட்டாராம். அந்த அம்மா, அழுக்குக் காலோடு வெளியே போ என்று துரத்தியிருக்கிறார்.

இதை முதல் தடவை படித்தபோது என்னால் அடுத்த பக்கம் திருப்ப முடியவில்லை. எனக்கு ஒன்பது வயசிருக்கும். அம்மாவோடு வில்பட்டியிலிருந்து பீன்ஸ் மூட்டை இறக்க மூஞ்சிக்கல் வருவோம். வர்ற வழியில் ஒரு பங்களாவில் மாலை நேரம் யாரோ பியானோ வாசிப்பார்கள். வேலிக்கு வெளியே சைப்ரஸ் மரத்தடியில் நின்று கேட்பேன். ஒருநாள் காவல்காரர் வந்து, "இங்க என்ன திருட வந்தியா" என்று கேட்டார். அந்த வீடு எது, யாருடையது என்பது இங்கே வேண்டாம். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. பிளிஸ் அந்த வீட்டுப் படியிறங்கிப் போனபோது எப்படி நடந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 6, அதே இரவு

பெயரில் ஒரு விஷயம், விட்டுப்போச்சு. பெற்றோர் வைத்த 'பிலிப்' என்ற பெயரிலேயே ஆங்கிலத்தில் கடைசி எழுத்து இரட்டித்து வரும். வளர்ந்த பிறகு அவர் அந்த உபரி எழுத்தைக் கழற்றி நடுவில் வைத்துக்கொண்டார். அதுதான் அந்த இரண்டாவது 'பி'.

பிப்ரவரி 9

பிளிஸ் பதினொரு வயசில் வீட்டை விட்டு மரம் வெட்டும் முகாமுக்கும் மரமறுக்கும் மில்லுக்கும் கூலி வேலைக்குப் போனவர். படித்து வாத்தியார் ஆனார். 1859இல் லூசி யங் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். அவர்கள் குடும்பமே பாடுகிற குடும்பம், அவரைப் பாட்டுப் பக்கம் தள்ளியதே அவர்கள்தான். அதன் பிறகு ஒரு கிழட்டுக் குதிரை, அதன் பெயர் ஃபேன்னி, 20 டாலருக்கு வாங்கிய ஒரு சின்ன மெலோடியன், இரண்டையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் இசை வகுப்பு நடத்தினார். மெலோடியன் என்றால் நம் கால் ஆர்மோனியத்துக்குச் சொந்தக்காரன், காற்றை மிதித்து வாசிப்பது.

பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் அப்பா மட்டக்குதிரையில் ஆர்மோனியப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார் என்று பாட்டி சொல்வாள். குதிரை போகிற பாதையில் ஆர்மோனியம் என்றால் உள்ளே சத்தம் தருகிற ரீடு தகடெல்லாம் ஆடிப்போகும். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை பெட்டியைத் திறந்து அடுப்பு ஓரம் வைத்து ஈரம் போக்குவதுதான். மலைப்பனியில் ரீடு ஊமையாகிவிடும். கொடைக்கானலில் ஆர்மோனியம் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மதுரை ஐயா ஒருவர் திருத்தியிருக்கிறார், நன்றி. பிப்ரவரி 5இல் நான் எழுதியது பாதிதான் சரி. 'இட் இஸ் வெல்' பாட்டின் சொற்கள் பிளிஸ் எழுதியதல்ல. ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டு எழுதியது. 1873 நவம்பர் 22, வில் து ஆவ்ர் என்ற கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி அட்லாண்டிக்கில் மூழ்கியது. ஸ்பாஃபோர்டின் நான்கு மகள்களும் அதில் போனார்கள். மனைவி மட்டும் பிழைத்தார். அந்தத் துக்கத்தில் எழுதிய வரிகளுக்கு மெட்டுப் போட்டவர் பிளிஸ். மெட்டுக்கு அந்தக் கப்பலின் பெயரையே வைத்தார்கள். 1876 நவம்பரில் சிகாகோவில் பிளிஸ்தான் முதலில் பாடினார். அப்போது அவருக்கு இருந்தது இன்னும் ஒரு மாதமும் சில நாட்களும்தான்.

நோட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். அப்பா இதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பழைய பாட்டுப் புத்தகங்களில் ஒரு பக்கம் சொல் எழுதியவர் பெயரும் மறுபக்கம் மெட்டமைத்தவர் பெயரும் இருக்கும். அப்பா இடது ஓரத்தில் மெட்டுக்காரர், வலது ஓரத்தில் சொல்லுக்காரர் என்று வைத்திருக்கிறார். பல வருஷத்துக்கு முன் நோட்டு கிழிகிறதே என்று பைண்டிங் கொடுத்தேன். அவர்கள் மூன்று பக்கமும் விளிம்பை வெட்டி நேராக்கிக் கொடுத்தார்கள். வலது ஓரத்தில் இப்போது பல பாட்டுக்குப் பாதி எழுத்து, சிலவற்றுக்கு ஒரு புள்ளிதான் மிச்சம். இந்தப் பாட்டுக்கு "ஸ்பா" மட்டும் இருக்கிறது. அதை ஏதோ தாளக் குறிப்பு என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12

அந்தப் போர்ப்பாட்டு. 1864 அக்டோபர் 5, அமெரிக்க உள்நாட்டுப் போர். ஜார்ஜியாவில் அல்லட்டூனா கணவாயில் கொஞ்சம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தூரத்தில் கெனசா மலை உச்சியிலிருந்து கொடியசைத்துச் செய்தி வருகிறது: விட்டுவிடாதே, உதவி வருகிறது. ஆறு வருஷம் கழித்து, 1870இல், மேஜர் விட்டில் என்ற நண்பர் ஒரு கூட்டத்தில் இதைச் சொல்லக் கேட்டு பிளிஸ் கையோடு பாட்டாக்கிவிட்டார். மலைக்கு மலை கொடி காட்டிப் பேசுவது நமக்குப் புரியாத விஷயமா என்ன. அப்படிப்பட்ட பாட்டை யாராவது மெதுவாகப் பாடுவார்களா, தம்பி? உன் சந்தேகம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது.

இந்தப் பாட்டு மட்டுமே தன் பெயரோடு நின்றுவிடக் கூடாது, இதைவிட நல்ல பாட்டுகள் எழுதியிருக்கிறேன் என்று பிளிஸ் சொல்வாராம். அவர் போன பிறகு பென்சில்வேனியாவின் ரோம் ஊரில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் போட்ட காசில் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். அதன் திறப்புக்குப் போன பாடகர் சாங்கி பார்க்கிறார், கல்லில் வெட்டியிருப்பது: 'ஹோல்ட் த ஃபோர்ட்' ஆசிரியர் பி.பி. பிளிஸ்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன், அவசரமாக

நீலகிரி அண்ணன் கேட்டதுக்குப் பதில். ஆமாம், சாங்கி என்றால் மூடி என்ற அமெரிக்கப் பிரசங்கியாரோடு பாடப் போவாரே, அவர்தான், ஐரா சாங்கி. புத்தகம் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 18

பிளிஸ் பாட்டெழுதியவர் மட்டும் இல்லை, தொகுப்பாசிரியர். எனக்கு அந்தப் பாதிதான் பெரிசாகப் படுகிறது. 1871இலிருந்து அடுத்தடுத்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாட்டு வகுப்புகளுக்கும் புத்தகம் தொகுத்தார். 1874இல் 'காஸ்பல் சாங்ஸ்'. அந்த நேரம் சாங்கி இங்கிலாந்தில் ஒரு சின்னப் பாட்டுப் பிரதி வைத்துப் பாடிக்கொண்டிருந்தார். 1875இல் இருவர் கையிருப்பையும் சேர்த்து 'காஸ்பல் ஹிம்ஸ்' வந்தது. பிளிஸ் இரண்டாவது தொகுதியோடு போய்விட்டார். மற்றவர்கள் தொடர்ந்து ஆறு தொகுதி ஆக்கி, 1894இல் எல்லாம் ஒன்றாக 739 பாட்டோடு வந்தது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகம் அமோகமாக விற்றது. தனக்கு வர வேண்டிய உரிமைத்தொகையை ஊழியத்துக்கே விட்டுவிட்டார். வசதியான மனுஷர் இல்லை, சின்னப் பிள்ளைகள் இரண்டு வீட்டில். 1874 மார்ச்சில் வாக்கீகன் ஊரில் கூட்டத்தில் பாடிய பிறகு மற்ற வரும்படியையெல்லாம் விட்டுவிட்டு முழுநேரமும் இதற்கே என்று முடிவெடுத்தார்.

தொகுப்பது என்றால் ஒட்டிச் சேர்ப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் கோயிலுக்கு, ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் பாட, பாட்டுத் தாள் தயார்செய்ய உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. எந்தச் சரணத்தை விடுவது? எந்தச் சுருதி? ஆண்கள் குரல் ஏறுமா? ஒரு பக்கத்தில் நான்கு பாட்டு வர வேண்டும் என்றால் எதைக் குறைப்பது? கையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிற ஆள்தான் ஒரு சபை அடுத்த ஐம்பது வருஷம் எதைப் பாடும், எதை மறக்கும் என்று முடிவு செய்கிறார்.

பிப்ரவரி 19

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "தமிழில் நமக்கு இப்படித் தொகுத்தவர்கள் இல்லையா" என்று கேட்டிருக்கிறார்கள். இருக்கிறார்களே! அதுவும் நம் மலைக்கு நெருக்கமாக. அமெரிக்கன் மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களா, சன்னிசைடும் ஷெல்டனும், கட்டியது 1845 வாக்கில். அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதற்கு முன்னால் கோயிலுக்குள் ஜெர்மன் மெட்டில் ஞானப்பாட்டுதான். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸ் ஐயர் உருகி உருகி மொழிபெயர்த்தவை. அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் காது கேட்டு வளர்ந்த வடிவம் அச்சேறி ஆராதனைக்குள் வந்ததில் வெப் கைக்குப் பெரிய பங்கு.

அவருக்குப் பாட்டு எங்கிருந்து? தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கைபிடித்துத் தஞ்சைக்குப் போய், சரபோஜி மன்னரோடு கூடப் படித்து, 'பெத்லகேம் குறவஞ்சி' பாடி, 1864இல் தொண்ணூறை நெருங்கிப் போய்ச் சேர்ந்தவர். 'சீர்திரி ஏக வஸ்தே' பாடாத தமிழ்க் கோயில் உண்டா? அவர் எழுதிய எல்லாவற்றையும் நான் ஏற்கிறவள் இல்லை. கோயிலுக்குள் சாதி வேற்றுமைக்கு ஆதரவாக அவர் எழுதியது எனக்கு இன்னும் நெருடுகிறது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் பாட்டில் அவர் கெட்டிக்காரர். தன் பெயரைப் பல பாட்டுகளில் கடைசிச் சரணத்துக்குள் முத்திரையாக நெய்துவிடுவார். அச்சுக்கோப்பவர் எடுக்க முடியாது. பைண்டர் வெட்ட முடியாது. பாடினால் பெயரும் வந்துவிடும்.

பிப்ரவரி 20

வெட்ட முடியாது என்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. வெட்டலாம். நானே வெட்டியிருக்கிறேன். எங்கள் தாளில் எப்போதும் முதல் மூன்று சரணம்தான் போடுவோம், இடம் போதாது என்று. முத்திரை இருப்பது கடைசியில்.

பிப்ரவரி 25

மொழிபெயர்ப்பு பற்றி, ஏனென்றால் இன்று கொயர் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் இதிலேயே போனது. 'இட் இஸ் வெல்' மெட்டு பலமான தட்டில் தொடங்காது. முதல் அசை தட்டுக்கு முன்னால் லேசாக வரும், இரண்டாவது அசையில்தான் தட்டு விழுந்து சுரம் நீளும். தமிழ்ச் சொல் முதலெழுத்தில் நெடிலோடு வந்தால் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கும். அதனால் குறில் முன்னால், நெடில் பின்னால் வருகிற சொல் வேண்டும். ஒரு பிள்ளை "அமைதி" என்று தொடங்கிப் பார்த்தாள். எல்லாமே குட்டை அசை, நீட்டிப் பிடிக்க எதுவும் இல்லை. இன்னொருத்தன் "சமாதானம்" என்றான். 'ச' தட்டுக்கு முன்னால், 'மா' தட்டின் மேல் நீளமாக, 'தா' அதற்கு அணைவாக. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒரே ஒரு சொல்லுக்கு இவ்வளவு. முழுப்பாட்டை எதுகை மோனையோடு கொண்டுவந்த அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர்களை நினைத்துப் பாருங்கள். எங்கள் பாட்டுப் புத்தகத்தின் பழைய பதிப்பில் பாட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் அவர்கள் பெயர் இருந்தது. மறுபதிப்பு போட்டவர்கள் பக்கம் மிச்சம் பிடிக்க எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 3

நேற்று இரவு வத்தலக்குண்டிலிருந்து கடைசி பஸ். பெருமாள்மலை தாண்டியதும் பனிமூட்டம். டிரைவருக்கு முன்கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஹெட்லைட் போட்டால் வெள்ளைச் சுவர் மாதிரி திரும்பி அடிக்கிறது. கண்டக்டர் இறங்கி, செல்போன் டார்ச்சைத் தரைப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ரோட்டு ஓர வெள்ளைக்கோட்டு மேலேயே நடந்தார். பஸ் அவர் பின்னால் ஊர்ந்தது. வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவு வரை அப்படித்தான்.

பிளிஸின் இன்னொரு பாட்டு எனக்கு அங்கேதான் புரிந்தது. மூடி ஒரு பிரசங்கத்தில் சொன்ன கதை: கிளீவ்லாந்து துறைமுகம், புயல் இரவு. மேலே கலங்கரை விளக்கு எரிகிறது. கரையோரத்துச் சின்ன விளக்குகள் அணைந்திருக்கின்றன. இரண்டையும் நேர்கோட்டில் பார்த்தால்தான் மாலுமிக்கு வழி. ஒன்று இல்லாததால் கப்பல் பாறையில் மோதிவிட்டது. பெரிய விளக்கைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார், கீழ்விளக்குகளை நாம் ஏற்றுவோம் என்று மூடி முடித்தார். பிளிஸ் 1871இல் அதைப் பாட்டாக்கினார். அந்தக் கண்டக்டர் பெயரைக் கேட்காமல் இறங்கிவிட்டேன். காலையில் ஸ்டாண்டுக்குப் போனேன், அந்த பஸ் கிளம்பிப் போயிருந்தது.

மார்ச் 10

பிளிஸ் எப்படிப் போனார் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

1876 டிசம்பர் 29. கிறிஸ்மஸை ரோம் ஊரில் குடும்பத்தோடு முடித்துவிட்டு, இரண்டு பையன்களையும் அங்கே விட்டு, புருஷனும் மனைவியும் சிகாகோவுக்கு ரயில் ஏறினார்கள். மூடியின் கூட்ட அரங்கில் பாட வேண்டியிருந்தது. ஒஹாயோவில் அஷ்டபுலா ஆற்றின் மேல் இரும்புப் பாலம். கடும் பனிப்புயல், இரவு ஏழரை மணி வாக்கில். முதல் எஞ்சின் தாண்டியதும் பாலம் முறிந்து பெட்டிகள் ஆற்றுப் பள்ளத்தில் விழுந்தன. பெட்டிக்குள் குளிருக்கு வைத்திருந்த அடுப்புகளிலிருந்து தீப்பிடித்தது. பயணம் செய்த ஏறக்குறைய 160 பேரில் 92 பேர் இறந்தார்கள். பிளிஸுக்கு 38 வயசு. அவர்கள் உடல் என்று அடையாளம் காட்ட எதுவுமே கிடைக்கவில்லை.

அவருடைய பயணப் பெட்டி ஒன்று தப்பியது. அதற்குள் மெட்டில்லாத ஒரு பாட்டு இருந்தது, என் மீட்பரைப் பாடுவேன் என்கிற பொருளில் தொடங்குவது. ஜேம்ஸ் மெக்ரனஹன் அதற்கு மெட்டுப் போட்டார். இன்றும் உலகமெங்கும் பாடுகிறார்கள்.

மார்ச் 11

நேற்று நான் விட்டதை ஒருவர் நினைவுபடுத்தினார்: ஜன்னல் வழியாக வெளியே வந்தவர் மனைவிக்காக மறுபடி தீக்குள் போனார் என்ற கதை. வேண்டுமென்றேதான் விட்டேன். உயிர் தப்பிய ஒருவர் சொன்னதாக வருகிற கதை அது. ஒரே ஒரு சாட்சியின் வாய்ச்சொல். பிரசங்கத்தில் சொன்னால் எல்லோருக்கும் கண்ணீர் வரும், எனக்கும்தான். ஆனால் பெயர் தப்பாகப் போகிறதே என்று இவ்வளவு எழுதிவிட்டு, நிரூபணம் இல்லாத ஒன்றை அவர் பெயர் மேல் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் இருவரும் ஒன்றாகப் போனார்கள். அது போதும்.

மார்ச் 17

நேற்று நாயுடுபுரத்தில் ஒரு அடக்கம். 'இட் இஸ் வெல்' பாட்டை நல்ல முழுக் காற்றோடு வாசித்தேன். சரணம் முடிந்து கோரஸ் வரும்போது ஆண்கள் பின்னாலிருந்து எதிரொலி எடுத்தார்கள், அப்படி எடுக்க வேண்டும் என்றுதான் பிளிஸ் எழுதியிருக்கிறார். இத்தனை வருஷம் அது நடந்ததே இல்லை. பெண்கள் பாட்டு அவர்கள் காதுக்குப் போனால்தானே திருப்பிச் சொல்வார்கள்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

தவசு காலத் தாள் அச்சாகி வந்தது. எட்டு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் அடியில் சொல் யாருடையது, மெட்டு யாருடையது, தமிழ் யாருடையது என்று மூன்று வரி. சாஸ்திரியார் பாட்டுக்குக் கடைசிச் சரணமும் சேர்த்தாகிவிட்டது. அதற்காக ஒரு பாட்டை எடுத்துவிட்டேன். எடுத்த பாட்டை விரும்புகிறவர்கள் இன்றைக்கே கேட்டுவிட்டார்கள், அவர்கள் கோபம் நியாயம்தான். 'இட் இஸ் வெல்' பாட்டுக்குத் 'தமிழ்:' என்ற இடத்தில் கோடு மட்டும் போட்டு விட்டிருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் செண்பகனூரிலிருந்து வருகிற பாட்டி ஒருவர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதைப் பாடிக் கொடுத்தது எங்க சித்தப்பா இல்ல? வாத்தியாரா இருந்தாரே" என்றார். பென்சில் கொடுத்தேன். கோட்டின் மேல் நடுங்கி நடுங்கிப் பெயரை எழுதினார். அவர் வீட்டில் சித்தப்பா கையெழுத்தில் ஒரு நோட்டு இருக்கிறதாம். ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை பார்க்கப் போகிறேன். அதில் பாட்டு இருந்தால் பென்சில் எழுத்தை மையில் எழுதி அடுத்த அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

தம்பி, உன் தாத்தா நோட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு மேலே வா. வலது ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதுவரை யார் சொன்னாலும் பைண்டிங் மட்டும் கொடுத்துவிடாதே.